நந்தினிக்கு அம்மை போட்ட கதை

அக்கா,

இத்தனையும் நடக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். சரசுவைக் கேட்டுப் பார், என்னைக் கட்டிக்கொண்டவள், அவளே சொல்வாள். இடுப்பில் ஊசி குத்துகிற மாதிரி இருந்த முதல் நாளே, கொப்புளம் ஒன்றுகூடத் தலைகாட்டாதபோதே, 'இது அக்கிதான்' என்று சொன்னவன் நான். வாய்வுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துவிட்டவர்கள் எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். மூன்று குடும்பத்தை ஒரே வீட்டில் கூட்டி விருந்து வைத்தால் அதோடு ஒரு வம்பும் வந்து உட்காரும் என்றும் சொன்னேன். வந்துவிட்டது.

இன்று காலை ஜன்னல் ஓரத்தில் அந்தக் கொட்டாங்குச்சி கையில் தட்டுப்பட்டது. அக்கி எழுதிய காவி மிச்சம் அதில் காய்ந்து, வெடித்துக் கிடந்தது. சும்மா இருக்க மாட்டாமல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். புதுப் பானையில் முதல் தண்ணீர் ஊற்றினால் எழும்புமே, அந்த வாசம் வந்தது. அப்போதுதான் பார்த்தேன். காவியின் நடுவே ஒரு விரல் வழித்தெடுத்த தடம். மெல்லிய விரல். உன் மகளுடையது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீரில் கரைந்து போனது. காகிதத்தை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பேசுவதற்கு உன்னைவிட்டால் எனக்கு யாரும் இல்லை.

நந்தினிக்கு ஒன்பதாம் மாதம். தாய்வீட்டுக் கட்டுச்சோறு சாப்பிடாமல் எந்தப் பெண்ணும் பிரசவத்துக்குப் போகக் கூடாது என்று நீதானே சொல்வாய்? மச்சான் போய், நீயும் போனபிறகு அவளுக்குத் தாய்வீடு என்றால் என் வீடுதான். பொள்ளாச்சியில் இப்படியொரு கட்டுச்சோறு நடந்ததில்லை. ஏழு வகைச் சோறு என்பார்கள். நான் பதினொன்று செய்தேன். (சரசு ஒன்பது என்பாள். ஊறுகாயையும் அப்பளத்தையும் அவள் எண்ணுவதில்லை.) சம்பந்தி வீடு, சம்பந்தியின் தம்பி வீடு, மாப்பிள்ளையின் அக்கா வீடு என்று மூன்று குடும்பமும் இரண்டு நாள் தங்குவதாக ஏற்பாடு.

அதற்கு நான்கு நாள் முன்னால்தான் அக்கி கிளம்பிற்று. பானை வனைகிற பெரியவரிடம் போய் எழுதிக்கொண்டு வந்தேன். கோழி இறகால் காவியைத் தொட்டு இடுப்பைச் சுற்றிப் பூசி, முதுகில் ஒரு சிங்கமும் வரைந்துவிட்டார். மிச்சத்தைக் கொட்டாங்குச்சியில் கொடுத்து, உதிர உதிரப் பூசச் சொன்னார். சரசுவுக்கு மனசு ஒப்பவில்லை.

"ஏனுங்க, பத்து நாள் தள்ளி வெச்சுப்போட்டா என்னங்க? புள்ளத்தாச்சிப் புள்ள வருது."

"அம்மை ஒட்டும், அக்கி ஒட்டாது. இதுகூடத் தெரியாதா உனக்கு?"

"எந்த டாக்டரு சொன்னாருங்க?"

"டாக்டருக்கே நான்தான் சொல்லிக் குடுக்கோணும்."

நீ இருந்திருந்தால் அந்த இடத்தில் தொண்டையைக் கனைத்திருப்பாய். நான் அளவுக்கு மீறி அளக்கத் தொடங்கினால் எந்தச் சபையாக இருந்தாலும் ஒரு கனைப்பு வரும். நானும் பேச்சை மடக்கிக்கொள்வேன். "நீ மூணு சொன்னா நான் ரெண்டக் கழிச்சுக்குவேன்டா தம்பி. மிச்சம் ஒண்ணு போதும், வெச்சுப் பொழச்சுக்கலாம்" என்பாய். நீ போய் இரண்டு வருஷமாகக் கழிப்பதற்கு ஆளில்லை. மூன்றும் மூன்றாகவே ஊருக்குள் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

விருந்து அமர்க்களமாக நடந்தது. இலை எடுத்தபிறகு கூடத்தில் எல்லோரும் காற்றாட உட்கார்ந்திருந்தார்கள். நான் சும்மா இருந்தேனா? பனியனைத் தூக்கிக் காட்டினேன்.

"சம்பந்திங்க, பாத்தீங்களா சிங்கத்த? இது ஏறி உக்காந்த அன்னைக்கே அக்கி பயந்து பாதி எடத்தக் காலி பண்ணிப்போட்டுது."

சம்பந்தி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கிட்டத்தில் வந்து பார்த்தார். "சிங்கமுங்களா? எனக்கென்னமோ நாய்க்குட்டியாட்டத் தெரியுதுங்க."

கூடமே சிரித்தது. நந்தினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பூரித்துப்போய் நின்றேன், அக்கா. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

எல்லோரும் கண்ணசந்த நேரத்தில் அவள் கொட்டாங்குச்சியோடு என்னிடம் வந்தாள். "மாமா, திரும்பி உக்காருங்க. பாதி காவி உதிந்து போச்சு. அம்மா இருந்தா இப்படியே உட்ருக்குமா?"

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. விரலால் வழித்து, உடைந்த கொப்புளத்தின்மேல் மெல்லப் பூசினாள். உன் கை மாதிரியே இருந்தது.

"எரியுதுங்களா மாமா?"

"மாமனுக்கா? வால்பாறையில சிறுத்தை பிராண்டுனப்பவே எரியலீங் கண்ணு."

"போன தடவ கரடின்னு சொன்னீங்க."

"அது வேற எடத்துல."

மறுநாள் காலையில் மாப்பிள்ளையின் அக்கா வந்து சேர்ந்தார். கோயமுத்தூரில் நர்ஸ். டூட்டி முடித்துவிட்டு நேரே வந்தவர், காபித் தம்ளரை வாங்கும்போதே நந்தினியின் விரல் நகத்தைப் பார்த்தார். "என்ன அம்மணி, கையெல்லாம் செவப்பு?" அவள் சொன்னாள். நர்ஸம்மா தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"மாமா, அக்கிங்கறது தனியா ஒரு நோவு இல்லீங்க. சின்ன வயசுல வந்த அம்மை ஒடம்ப உட்டுப் போகாம நரம்புல ஒளிஞ்சிருந்து, வயசான காலத்துல இப்படி வெளிய வருது. அந்தக் கொப்பளத்துத் தண்ணி பட்டா, அம்மை போடாதவங்களுக்கு அம்மை போடும். இப்ப ஒட்டியிருந்தா ரெண்டு மூணு வாரத்துல தெரியும். அப்பத்தான் இவளுக்குப் பிரசவமும். தாய்க்கு நெஞ்சுல எறங்கீரும். பொறக்கற கொழந்தைக்கு இன்னும் மோசமுங்க."

மூன்று குடும்பமும் காபித் தம்ளரோடு நின்றது. நர்ஸம்மா என்னைப் பார்த்தே கேட்டார்.

"நந்தினிக்குச் சின்ன வயசுல அம்மை போட்டிருக்குதுங்களா? போட்டிருந்தாப் பயமில்ல. போடலைன்னாலும் சரி, தெரியலைன்னாலும் சரி, உடனே ரத்தம் பாக்கோணும். பத்து நாளைக்குள்ள ஊசி போட்டுப்போடலாம்."

எல்லோர் கண்ணும் என்மேல். அவளுக்குத் தெரியாது, குழந்தையாக இருந்தவளுக்கு என்ன தெரியும்? மச்சான் இல்லை. நீ இல்லை. அவள் பக்கத்து மனுஷன் என்று நின்றது நான் ஒருத்தன்தான். தெரியாது என்று எப்படிச் சொல்வேன், அக்கா? தாய்மாமன் அல்லவா? அதுவும் என்னால் வந்த வினையாக இருக்கும்போது?

"இதென்ன கேள்வி! ஈரோட்டு ஊட்டுல, ஒண்ணாப்பு படிக்கறப்ப ஒடம்பெல்லாம் முத்து. அக்கா ஆளனுப்புன மறு நிமிசம் பஸ்ஸுல தொத்தீட்டுப் போனேன். வேப்பிலையப் பரப்பிப் படுக்க வெச்சிருந்தாங்க. சொறியாத, சொறிஞ்சாத் தழும்பு உழுகும்னு கையப் புடிச்சுட்டே உக்காந்திருந்தோம். கொடுமுடிக்குப் போய்க் காவேரித் தண்ணி கொண்டாந்துதான் தலைக்கு ஊத்துனது. வேணும்னா எடது புருவத்துக்கு மேல பாருங்க, ஒரு முத்து தழும்பாவே நின்னுபோச்சு."

எல்லோரும் அவள் புருவத்தைப் பார்த்தார்கள். தழும்பு இருந்தது. நர்ஸம்மா பெருமூச்சு விட்டார். "அப்பச் செரிங்க." மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார். சரசு மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிலிருந்து நான் படுகிற பாட்டை யாரிடம் சொல்ல? தினமும் நான்கு தடவை போன் செய்கிறேன். "காய்ச்சல் இருக்குதா கண்ணு? அரிக்குதா?" என்றால் சிரிக்கிறாள். "எனக்குத்தான் ஏற்கனவே போட்டிருச்சே மாமா, நீங்கதானே சொன்னீங்க?" என்கிறாள். நீ விட்டுப்போன தகரப்பெட்டியை மூன்று தடவை கொட்டிப் பார்த்தேன். அவளுடைய ரேங்க் கார்டு இருக்கிறது, சொட்டு மருந்து அட்டை இருக்கிறது, முதல் முடி எடுத்த பொட்டலம்கூட இருக்கிறது. அம்மை பற்றி ஓர் எழுத்து இல்லை. ஈரோட்டில் உங்கள் பக்கத்து வீட்டு அம்மாளின் நம்பரைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். "போட்டுதுன்னு நெனைக்கறேன், இல்ல, அது எங்க பேரனுக்கோ என்னமோ" என்றார். மாரியம்மன் கோயில் கம்பத்துக்கு வேண்டிக்கொண்டு தண்ணீர் ஊற்றி ஊற்றி என் தோள் இற்றுப்போயிற்று. சொல் அக்கா. போட்டதா, போடவில்லையா? ஒரு கனைப்பாவது கனை.

விருந்து முடிந்து இன்றோடு ஏழு நாள். பத்தில் ஏழு போய்விட்டது.

வேப்பிலைப் படுக்கையில் கிடந்தால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கீழே இலை சில்லென்று இருக்கும், மேலே உடம்பு கொதிக்கும். சொறியப் போகிற கையை நீ பிடித்துக்கொள்வாய். "சொறியாதடா, தழும்பு உழுந்தா உனக்கெவ பொண்ணு குடுப்பா?" உனக்கு முந்தின வருஷமே போட்டுவிட்டதால் உன்னை மட்டும்தான் என் பக்கத்தில் விட்டார்கள். காய்ச்சல் வேகத்தில், மாரியாத்தா புலிமேல் வந்து என்னிடம் பேசிவிட்டுப் போனாள் என்று உளறினேன். அதுதான் நான் சொன்ன முதல் கதை. நீ கழிக்காமல் கேட்டது அது ஒன்றைத்தான்.

அன்று நீ வேப்பிலையால் வருடி வருடி இறக்கிய அம்மை இறங்கவே இல்லையாம், அக்கா. நர்ஸம்மா கணக்குப்படி அது இத்தனை வருஷமும் என் நரம்புக்குள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கிறது. கொப்பரைக் களத்தில் நான் காய் உடைத்தபோதும், உன்னை மயானத்தில் கொண்டுபோய் வைத்த அன்றும், என்கூடவே இருந்திருக்கிறது. உன் கை பட்ட அதே அம்மை. இனியும் என்னோடுதான் இருக்கும். அதைத்தான் உன் மகள் விரலால் தொட்டாள்.

சற்று முன் போனை எடுத்தேன்.

"காய்ச்சல் இல்லீங்க மாமா. அரிக்கவும் இல்ல" என்றாள், நான் கேட்கும் முன்பே.

தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"கண்ணு, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் குடுங்க. மாமன் சொன்னதக் கணக்குல எடுக்காதீங்க."

"ஏனுங்க மாமா?"

"அந்தத் தழும்பு, நான் சைக்கிள்ல வெச்சுட்டுப் போறப்ப கீழ போட்டது. உங்கம்மா ஒரு வாரம் எங்கூடப் பேசுல."

"அப்ப அம்மை?" என்றாள்.

"தெரியாது கண்ணு."

மாப்பிள்ளை போனை வாங்கினார். திட்டியிருந்தால் தேவலை. "வெச்சுருங்க மாமா, நாங்க போய்க்கறோம்" என்றார், அவ்வளவுதான். கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

இதை எழுதும்போது அவர்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள். மூன்று நாள் மிச்சமிருக்கிறது. ஊசி கிடைக்குமா, கிடைத்தால் கேட்குமா, என்னால் எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. மேலே, முன்பே தெரியும் என்று எழுதினேனே, அதையும் கழித்துக்கொள். ஆனால் கூடத்தில் சொன்ன கதையை முழுக்கப் பொய் என்று நினைத்துவிடாதே. வேப்பிலை நிஜம். அப்பா கொடுமுடியிலிருந்து சுமந்துவந்த காவேரித் தண்ணீர் நிஜம். சொறியாதே என்று கையைப் பிடித்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தது நிஜம்.

படுத்திருந்தது மட்டும் அவள் இல்லை, அக்கா. நான்.