கோபம் வராத நாட்கள்

காரைக்குடி
9.1.2025

அன்புள்ள தேவிகா அக்காவுக்கு,

உன் தங்கை அனுசுயா எழுதுவது. உன் மூட்டுவலி இப்போது எப்படி? போனை எடுத்தாலே "யாருகிட்ட என்ன ஓதுற?" என்று என் வீட்டுக்காரர் பாய்வார் என்றுதானே நாம் கடிதத்துக்கு மாறினோம்? இப்போது எவ்வளவு நேரம் பேசினாலும் கேட்பதில்லை. எனக்குத்தான் எழுதியே பழகிவிட்டது.

நம்ப மாட்டாய் அக்கா, தீபாவளிக்குப் பிறகு அவர் கத்தவே இல்லை. கையும் ஓங்கவில்லை. நேற்று மறதியாக ஊசிப்போன சாம்பாரை ஊற்றிவிட்டேன். வாடையே தெரியாதவர் மாதிரி சாப்பிட்டு எழுந்தார். பட்டறையில் கதவை இழைப்பவர் பாதியில் நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார். "வேலை அப்படியே கெடக்கே" என்றால் சிரிக்கிறார். "அப்பா இப்பத்தாம்மா அப்பா மாதிரி இருக்காக" என்கிறாள் சிந்து. காலேஜ் விட்டு வந்ததும் அவர் பக்கத்தில்தான் உட்காருகிறாள்.

அவர் கோபம் குறைய வேண்டும் என்று நாட்டரசன்கோட்டை அம்மனுக்கு நேர்ந்திருந்தேன். போன வெள்ளிக்கிழமை மாவிளக்கு வைத்துவிட்டு வந்தேன். சந்தோஷமாக இருக்கிறேன் அக்கா. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அன்புடன்,
அனு

தஞ்சாவூர்
17.1.2025

அன்புத் தங்கை அனுவுக்கு,

உன்னோடு சேர்ந்து சந்தோஷப்படத்தான் பார்த்தேன், முடியவில்லை. நர்ஸ் வேலை பார்த்த புத்தி. மரத்தை முகர்ந்தே தேக்கா வேங்கையா என்று சொல்கிறவர் உன் வீட்டுக்காரர் மெய்யநாதன். அவருக்கு ஊசிப்போன வாடை தெரியவில்லை, வேலையைப் பாதியில் விடுகிறார் என்கிறாய். மனுஷன் திருந்தினால் இப்படித் திருந்த மாட்டான்டி. தலையை ஸ்கேன் எடுத்துப் பார். தள்ளிப்போடாதே. நான் சொன்னது தப்பாகப் போனால் என்னை நன்றாகத் திட்டு.

உன் அக்கா,
தேவிகா

மதுரை
4.2.2025

அக்காவுக்கு,

மூளையின் முன்பக்கத்தில் கட்டி. எலுமிச்சம்பழ அளவு இருக்கிறதாம். அது அமுக்கித்தான் வாசனை போனது, கோபமும் போனது. விட்டால் கண் போகும், பிறகு உயிர் போகும். "எடுத்துட்டா பழைய ஆளா திரும்பிடுவாரும்மா, பயப்படாதீங்க" என்று டாக்டர் தேற்றினார்.

நான் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடாமல் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்டியா?" என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை அப்படிக் கேட்டதில்லை. எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டேன்.

நீ அந்தக் கடிதத்தை எழுதாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. தோன்றியதை மறைக்காமல் எழுதிவிட்டேன்.

அனு

மதுரை
19.2.2025

அக்கா,

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கட்டி கெட்ட கட்டி இல்லையாம். ஒரு வாரமாகக் கண்ணை மூடியே கிடந்தார், சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டுவார். இன்று காலை காபி வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். "எங்கடி போய்த் தொலைஞ்ச? எம்புட்டு நேரம்!" என்று கத்தினார். வார்டே திரும்பிப் பார்த்தது.

நர்ஸ் ஓடி வந்து, "ஐயா தேறிட்டாக அக்கா, இனிப் பயமில்ல" என்று சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் போலிருக்கிறது. அதுவரை அப்பா கையைப் பிடித்துக்கொண்டிருந்த சிந்து, விட்டுவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாக எழுதியிருந்தாய். நீ சொல்லித்தான் அவர் பிழைத்தார். உன்னைப் பார்த்தால் நான் நன்றி சொல்ல வேண்டும். அதற்கு எனக்கு வாய் வராது. கொஞ்ச நாளைக்கு வராதே, அக்கா.

அனுசுயா