கோமதி சித்தியின் கல்யாணக் காகிதம்

முருகன் துணை

முக்கூடல்
12-9-96

சௌபாக்கியவதி அனுராதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே சுகமாயிருக்கத் திருச்செந்தூரானை வேண்டுகிறேன். போன வெள்ளிக்கிழமை நம் வீட்டு வாசலில் நின்றவர்கள் உன் அப்பா, நான், நடராஜ் சித்தப்பா, கோமதி சித்தி, கிராம நிர்வாக அதிகாரி மந்திரமூர்த்தி, நிலம் அளக்கும் சங்கிலி பிடிக்க வந்த இரண்டு பேர், ஆக ஏழு பேர். ஆட்சி மாறினதும் மந்தைப் புறம்போக்கில் வீடு கட்டியிருக்கிறவர்களுக்குப் பட்டா கொடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தேனே, அதற்குத்தான் அளந்தார்கள். நம் வீடும் சித்தப்பா வீடும் ஒரே சுவரில் சேர்ந்ததுதான் என்பது உனக்குத் தெரியும். மந்திரமூர்த்தி, கல்யாணத்துக்கு ஒரு காகிதம் காட்டினால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பெயரிலும் எழுதலாம், இல்லாவிட்டால் அண்ணாச்சி பெயர் மட்டும்தான் என்று உன் அப்பாவைக் காட்டினார். ரேஷன் கார்டு போதாதா என்றேன், அது அரிசிக்கு, இது நிலத்துக்கு என்றுவிட்டார்.

கோமதி உள்ளே போய் ஒரு நொடியில் காகிதத்தோடு வந்தாள். அவர்களுடையது சுயமரியாதைக் கல்யாணம், அதுவும் செல்லும் என்று அறுபத்தெட்டில் சட்டம் வந்த கையோடு பதிந்துகொண்டார்கள். ஐயரும் இல்லை தீயும் இல்லை, இது என்ன கல்யாணம் என்று அன்றைக்கு நான் பந்தியில் உட்கார மாட்டேன் என்றவள். அதை மனதில் வைத்துக்கொண்டு எல்லார் முன்னாலும், அக்கா, ஒங்களுக்குத்தான் முருகன் சாட்சி இருக்காருல்லா, அவரைக் கூட்டிட்டு வந்து நிறுத்துங்களேன் என்று சிரித்தாள். எங்கள் கல்யாணத்துக்கும் திருச்செந்தூர்க் கோயில் ரசீது இருந்தது அனு. அதில்தான் இலை விபூதியை மடித்து வைத்திருந்தேன். விபூதி பட்ட காகிதம் யார் காலிலும் மிதிபடக் கூடாதென்று, கல்யாணமான வருஷம் ஆடிப் பதினெட்டுக்குக் கல்யாண மாலையை ஆற்றில் விட்டபோது அதையும் மாலைக்குள் செருகி விட்டுவிட்டேன். பக்தி என்று நினைத்துச் செய்ததுதான்.

இப்போதும் பதியலாமாம், இரண்டு பேரும் சார்பதிவாளர் ஆபீஸுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டால் போதும், பட்டா எழுதப் புரட்டாசி முடிய நாள் இருக்கிறது. உன் அப்பாவோ, ஏட்டி, பேத்தி எடுத்த பெறவு ரிஜிஸ்டர் கல்யாணமா, ஊரு சிரிக்கும், எம் பேர்ல இருந்தா ஒனக்கு இல்லியா என்கிறார். கோயிலில் நகல் கேட்போம் என்றாலும் எழுந்திருக்கவில்லை. உன்னிடம் மறைப்பானேன், எனக்குப் பொறாமைதான். ஒரு வாரமாகக் கோமதியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, விளக்கேற்றும்போதும் அந்தக் காகிதம்தான் கண்ணில் நிற்கிறது. பட்டாவுக்காகக் கூட இல்லை அனு. இவளை என் வாழ்க்கைத் துணையாக ஏற்கிறேன் என்று எழுதி அதன் கீழே சித்தப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார். உன் அப்பா முப்பது வருஷத்தில் எனக்கென்று ஒரு இடத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை.

உன் சொல்லுக்குத்தான் அவர் மசிவார். அவருக்குத் தனிக் கவரில் எழுது, அம்மா கேட்டாள் என்று எழுதாதே, நீயாகக் கேட்பது போல எழுது. குழந்தைக்குச் சளி இருந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம், தீர்க்க சுமங்கலியாய் இரு. இதைப் படித்ததும் பதில் போடு.

உன் அம்மா
பிரம்மநாயகி