வலது கதவுக்குள்ளே

மச்சான்,

போன கிழமை ஒரு காரின் இடது கதவில் உள்பக்கத் தோல் மூடியைக் கழற்றினேன். பழைய பசையும் தோலும் கலந்த மணம் குப்பென்று முகத்தில் அடித்தது. வேலையை விட்டுவிட்டு அப்படியே நின்றேன். "அந்தக் கதவுக்குள்ள ஒரு மணம் இருக்கும் மச்சான், வேற ஒரு காரிலயும் வராது" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! நாங்கள் எத்தனை தரம் சிரித்திருப்போம்!

டென்மார்க்கில், இந்த ஹேர்னிங்கில் என்னுடைய கார் பெயின்ற் கடை உனக்குத் தெரியாததா? வந்து கோப்பி குடித்து, என் வேலையில் பிழை பிடித்துவிட்டுப் போவாயே, அதே இடந்தான். ஹோர்சன்ஸில் இருந்து ஓய்வுபெற்ற பல் வைத்தியர் ஒருவர், டெனிஷ் பெண்மணி, அந்தக் காரைக் கொண்டுவந்தார். பார்க்கிங்கில் யாரோ தங்கள் காரைப் பின்னால் எடுக்கும்போது இடது கதவில் இடித்துவிட்டார்களாம். சிவப்பு நிறம், தரையோடு தரையாய்ப் படுத்துக் கிடக்கும் இரண்டு ஆசனக் கார். காரின் மூக்கில் இருந்த சின்னத் தகட்டைக் குனிந்து இரண்டு தரம் வாசித்தேன். நீ வேலை செய்ததாகச் சொன்ன இத்தாலிப் பட்டறையின் பெயர்.

"செய்ததாகச் சொன்ன" என்றுதான் எழுதவேண்டியிருக்கிறது, கோபிக்காதே. ஒரு படம் இல்லை, ஒரு சம்பளத் துண்டு இல்லை. விசா இல்லாதவனை யார் படம் எடுப்பார்கள் என்று நீயே கேட்பாய். கோயில் மண்டபத்தில் அன்னதானம் முடிந்து பாய் சுருட்டும்போது நீ தொடங்கினால், "இத்தாலி வெளிக்கிட்டுட்டுது" என்று பெடியள் கண் காட்டுவார்கள். "நாங்கள் எல்லாரும் அங்க கோப்பை கழுவினம், நீ மட்டும் ரேஸ் கார் செய்தனியோ? புளுகாதை!" அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன். உன் நெற்றியையும் விட்டோமா? சின்ன வயதில் சைக்கிள் சங்கிலி உன் வலது நடுவிரலில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. அதனால் நீ திருநீறு பூசினால் மேலே ஒரு குறி, கீழே ஒரு குறி, நடுவில் வெளி. "சிவன் இவனுக்கு விலைக்கழிவு போட்டுக் குடுத்திருக்கிறார்" என்று சிரிப்போம். நீயும் சேர்ந்து சிரிப்பாய்.

ஆனால் கதை என்னவோ நல்ல கதைதான். வட இத்தாலியில் ஒரு சின்ன ஊர். உழவு இயந்திரம் திருத்திக்கொண்டிருந்த ஒருவர், பெரிய கம்பனிக் கார் ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இதைவிட நான் நல்லாச் செய்வன்" என்று வீறாப்பாகத் தொடங்கிய பட்டறை. இயந்திரத்தை வெளியில் வாங்குவார்கள். அடிச்சட்டத்தை அங்கேயே பற்றவைத்து ஒட்டுவார்கள். அலுமினியத் தகட்டை மர அச்சின் மேல் வைத்துக் கையால் தட்டித் தட்டி உடம்பாக்குவார்கள். ஆசனத் தோல் தைப்பது முதலாளியின் மனைவியும் தங்கையும். ஒரு காரின் கதவு இன்னொரு காருக்குப் பொருந்தாது. அதற்கென்றே தட்டிய கதவு அதற்குத்தான். நீ செய்தது அந்தக் கதவு வேலை. "கார் எண்டால் கதவுதான் மச்சான். சாத்தினால் 'டொக்' எண்டு ஒருக்கா மட்டும் சொல்லவேணும்."

அந்தத் திருநீற்றுக் கதையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. புதுக் கார் வாங்கினால் நாங்கள் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற ஆட்கள். நீ முதல் தடவை முழுதாக வேலை செய்த கார், நாளும் வெள்ளிக்கிழமை. அம்மா கடிதத்துக்குள் மடித்து அனுப்பிய திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து, பெயின்ற் அடிக்கமுதல், காரின் முன்மூடியில், வெறும் அலுமினியப் பொனற்றில் பூசிவிட்டாய். சுவாமிக்குச் செய்தாய், பெயின்றுக்கு யார் சொல்வது? அந்த இடத்தில் மட்டும் சிவப்பு பொங்கி எழும்பிவிட்டது. முதலாளிக் கிழவர் கத்திய கத்தில் தெருவே கூடிற்றாம். "என்ன கறுமம் இது?" என்று கேட்க, உனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் "சாமி" என்று கையைக் கூப்பினாயாம். மனுசன் சட்டென்று சிலுவைக் குறி போட்டுக்கொண்டு அடங்கிவிட்டார். பொனற்றை முழுக்க உன்னைக்கொண்டே சுரண்டுவித்தார். பிறகு சொன்னாராம்: "உன் சாமியைக் கதவுக்குள்ளே வை. வாங்குகிறவன் பார்க்கமாட்டான், வேலை செய்கிறவன் மட்டும் பார்ப்பான்." அதன்பிறகு நீ காரில் பொருத்திப் பூட்டிய கதவுக்கெல்லாம் உள்ளே திருநீறு, மூன்று குறி என்பாய்.

பட்டறை மூடிய கதையை மட்டும் நீ சிரிக்காமல் சொல்வாய். புதுச் சட்டப்படி ஒரு காரைச் சுவரில் மோதிக் காட்டவேண்டும் என்று வந்ததாம். வருடம் முழுக்கச் செய்வதே கைவிரலில் எண்ணக்கூடிய கார். கிழவர் ஒன்றைத் தெரிவு செய்யப் போய், ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னால் ஏலாது" என்று விளக்கை அணைத்தாராம். நீ டென்மார்க்குக்கு ரயில் ஏறினாய்.

இப்போது உன் மகள் தர்சிகா, ஹ்விடோவ்ரேயில் இருந்தபடி, உன் ஆண்டுத் திவசத்துக்கு நினைவு மலர் தயாரிக்கிறாள். வாழ்க்கைக் குறிப்பில் இத்தாலியை எழுதலாமா என்று தமிழ்ச் சங்கத்தில் கேட்டிருக்கிறாள். "அதை விடு பிள்ளை, சனம் சிரிக்கும்" என்றிருக்கிறார்கள். அழுதுகொண்டு எனக்குப் போன் எடுத்தாள். பாதி டெனிஷ், பாதி தமிழ். "மாமா, நீங்கள்தானே அப்பாவின்ர பெஸ்ட் பிரண்ட். அவர் உண்மையா கார் செய்தவரா? தெரியாததை நான் எழுதமாட்டன்."

"எனக்குத் தெரியாது பிள்ளை" என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் இந்தக் கார் என் கடைக்கு வந்தது, மச்சான்.

அதனால்தான் அந்த இடது கதவின் மூடியைக் கழற்றியதும் உன் திருநீற்றைத் தேடினேன். டோர்ச் அடித்துப் பார்த்தேன். சுத்தமான அலுமினியம். மூன்று குறியும் இல்லை, முக்கால் குறியும் இல்லை. உன் மேல் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. செத்த பிறகும் இப்படியா ஏமாற்றுவாய்!

கோப்பி ஊற்றிக்கொண்டு இருக்கும்போதுதான் நினைவு வந்தது. அந்தக் கார்களில் ஓட்டுநர் இருப்பது இடது பக்கம்; அந்தக் கதவைக் கிழவர் தானே பூட்டுவார், வேறு ஒருவரையும் தொடவிடமாட்டார் என்று சொல்லியிருக்கிறாய். உன்னுடையது வலது கதவு. ஆனால் வலது கதவில் ஒரு பழுதும் இல்லை. அடுத்தவரின் காரில் பழுதில்லாத கதவைக் கழற்ற எனக்கு என்ன உரிமை? வலது கதவின் மூடியையும் கழற்றலாமா என்று பல் வைத்தியருக்குப் போன் எடுத்துக் கேட்டேன்.

"ஏன்?" என்று கேட்டார்.

"அந்தக் கதவைப் பூட்டியவன் என் நண்பனாக இருக்கலாம்."

"நான் வரும்வரை தொடவேண்டாம். எனக்கும் பார்க்கவேண்டும்" என்றார்.

அடுத்த நாள் வந்து டோர்ச்சைத் தானே பிடித்தார். நான் மூடியைக் கழற்றி, உள்ளே தலையை விட்டு, மூன்று குறியைத் தேடினேன். இல்லை. தகட்டில் மங்கலாக இரண்டு வெள்ளைக் கோடுகள், நடுவில் பெரிய இடைவெளி. உரசல் தழும்பு என்று நினைத்து, துணியை எடுத்துத் துடைக்கவும் போனேன்.

கை பாதியில் நின்றது. மேலே ஒன்று. கீழே ஒன்று. நடுவில் வெளி.

பல் வைத்தியருக்கு முன்னால் குழறி அழுதேன், மச்சான். அந்த மனுசி பயந்து நான் இருக்கக் கதிரை எடுத்துப் போட்டுத் தண்ணீரும் தந்தார். ஈரத் திருநீறு அலுமினியத்தை அரித்துவிட்டிருக்கிறது, துடைத்தாலும் போயிராது. நீயும் வாழ்நாள் முழுக்க மூன்று குறி, மூன்று குறி என்றுதானே சொன்னாய். உன் விரல் உனக்கே மறந்துபோயிற்று.

சனிக்கிழமை தர்சிகா ரயிலில் வந்தாள். பல் வைத்தியரும் வந்திருந்தார். உன் மகள் நடுவிரலை மடக்கிக்கொண்டு, மற்ற இரண்டு விரலையும் அந்தக் கோடுகளில் வைத்தாள். சரியாகப் பொருந்தவில்லை, உன்னுடையது பெரிய கை. டெனிஷில் அப்பாவை "Far" என்று ஒரு தரம் கூப்பிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "மாமா, இப்ப சொல்லுங்கோ" என்றாள்.

"ஓம் பிள்ளை. செய்தவர்."

மலரில் அந்த இத்தாலி வரி போகிறது. அச்சகத்துக்கு நானே அனுப்பினேன். கோடுகளை அப்படியே விட்டு, மூடியைப் பூட்டி, கதவைச் சாத்தினேன்.

டொக். ஒருக்கா மட்டும்தான் சொன்னது. இப்போது கடையில் எந்தக் காரின் கதவைச் சாத்தினாலும், அந்தச் சத்தம் வருகிறதா என்று என் காது பார்த்துக்கொண்டிருக்கிறது. இன்னும் ஒன்றிலும் வரவில்லை.