ஈஸ்டருக்குப் பிறகும் ஒருசந்தி

சேசு மரி சூசை துணை

வில்லியனூர்
30.3.2020

அன்பு மகன் ஆன்டோவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் ரோஸியும் நானும் இங்கே சுகம். கடல் தாண்டி மஸ்கட்டில் இருக்கும் உன்னை மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இதென்ன அப்பா புதுசாகக் கடுதாசி எழுதுகிறார் என்று சிரிப்பாய். போனில் கூப்பிட்டால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். பிடுங்கி, அழுது, வைத்தும்விடுகிறாள். நீ எழுதிக் கொடுப்பா, நான் படம் பிடித்து அவன் போனுக்கு அனுப்புகிறேன் என்று ரோஸிதான் யோசனை சொன்னாள்.

நம் பாகூர் பஸ் ஷெட்டில் நிற்கிறது. வண்டி ஓடினால்தான் டிரைவருக்குப் படி என்பது உனக்குத் தெரியும். இத்தனை வருடம் ஸ்டியரிங் பிடித்த கை இப்போது முருங்கைக்கீரை உருவுகிறது. அம்மா சமைக்கப் போகிற சொல்தா வீட்டிலும், அதுதான் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் அந்தப் பெரியவர் வீட்டிலும், நோய் அடங்கும்வரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சாராயக்கடை, கள்ளுக்கடை எல்லாம் மூடியாகிவிட்டது. கோயிலுக்கே வராதவன்கூட இந்த வருடம் தவக்காலம் அனுசரிக்கிறான்.

ரோஸிக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. வளைகாப்பு முடிந்து நம் வீட்டுக்கு அழைத்துவந்த வாரமே எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். மாப்பிள்ளை திருப்பூரில் மாட்டிக்கொண்டார். பனியன் கம்பெனியும் ஓடவில்லையாம். பரவாயில்லை, தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே.

உன் அம்மாவுக்குத்தான் பக்தி முற்றிவிட்டது. எப்போதும் தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை மட்டும் ஒருசந்தி இருப்பவள், இந்த வருடம் தினமும் இருக்கிறாள். ஒரு நாளைக்கு ஒரே வேளைச் சாப்பாடு. அதையும் எங்களுக்குப் போட்டுவிட்டு, அடுப்படியில் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள். ஏன்டி இப்படி என்று கேட்டால், "புள்ள அம்மாந்தூரத்துல இருக்கான், நான் மூணு வேளையும் துன்னுக்கிட்டு குந்தியிருக்கணுமா" என்கிறாள். பிடியரிசியையும் விடவில்லை. உலை வைக்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று ஒரு பிடி எடுத்துப் பானையில் போடுவது நம் வீட்டு வழக்கம்தானே. கோயில் பூட்டிக் கிடக்கிறது, பானை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. ஆண்டவருக்கு லாக்டவுன் இல்லை போலிருக்கிறது என்று கிண்டல் செய்தேன், முறைத்தாள்.

சிவப்பு ரேஷன் அட்டைக்காரர்களுக்கு அரிசி வருமாம். நம்முடையது மஞ்சள். பங்குச் சாமியாரும் இல்லாதவர்களுக்கு அரிசிப் பை கொடுக்கிறார். நானும் போய் மூட்டை இறக்கிக் கொடுத்தேன். மரியசுந்தரம், நீயும் ஒரு பை எடுத்துக்கொண்டு போ என்றார். என் மகன் வெளிநாட்டில் இருக்கிறான் சாமி, வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கையை வீசிக்கொண்டு வந்தேன். கையேந்தும் பழக்கம் நம் குடும்பத்தில் கிடையாது என்று உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறேன் அல்லவா.

கம்பெனியில் சம்பளம் தள்ளிப்போகிறது என்றாய். அதற்காக மனசை உடைத்துக்கொள்ளாதே. கிடைக்கும்போது அனுப்பு. வேளைக்குச் சாப்பிடு, முகமூடி போடு.

ஆசீர்வாதத்துடன்,
அப்பா மரியசுந்தரம்


வில்லியனூர்
3.5.2020, ஞாயிறு

அன்புள்ள ஆன்டோ,

உயிர்த்த ஆண்டவர் உன் அறையிலும் உன்னோடு இருப்பாராக.

ஈஸ்டருக்கு நீ அனுப்பிய பிரியாணிப் படத்தைப் பார்த்து அம்மா முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பக்கத்து வீட்டுக் காசம்மாளுக்கு மதில்மேல் போனை நீட்டிக் காட்டினாள். வேலை இல்லாவிட்டாலும் உங்கள் கேம்ப்பில் சாப்பாட்டுக்குக் குறை வைக்கவில்லை என்று எங்களுக்கு நிம்மதி.

நாங்கள் ஈஸ்டர் பூசையை டிவியில் பார்த்தோம். மாதா திருவிழாவும் கூட்டமில்லாமல் போயிற்று. நான் மட்டும் ஒரு நல்ல காரியம் செய்தேன். பெரிய சனிக்கிழமை காலையில் பிடியரிசிப் பானையைத் தூக்கி சைக்கிள் கேரியரில் கட்டி, சாமியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். கழுத்துவரை இருந்தது. உன் சம்சாரம் அந்தோணி மேரிக்குப் பெரிய மனசு என்று அவர் சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. கிளம்பும்போது அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெறும் பானையோடு திரும்பி வந்தேன். வாங்கிக் கழுவிப் பழைய இடத்திலேயே வைத்தாள். ஆண்டவர் காரியம் என்பதால் மனசு நெகிழ்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

என் குறை இப்போது வேறு. தவக்காலம் முடிந்தும் ஒருசந்தியை விடமாட்டேன் என்கிறாள். தவக்காலத்திலேயே ஞாயிற்றுக்கிழமை ஒருசந்தி கிடையாது. இவள் ஞாயிறும் இருக்கிறாள். கேட்டால் நேர்த்தி என்கிறாள். ரோஸிக்குச் சுகப்பிரசவம் ஆகவேண்டுமாம், நீ நல்லபடியாக வூடு வந்து சேரவேண்டுமாம். நேற்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. உன்னைப் பட்டினி போட்டுத்தான் மாதா மனசு குளிரணுமா என்று கத்திவிட்டேன். "கத்தாதய்யா, புள்ளத்தாச்சி தூங்குறா" என்று மட்டும் சொன்னாள். பேச்சும் குறைந்துவிட்டது. ஜெபமாலையைக் கையில் பிடித்திருக்கிறாள், மணி நகர்வதில்லை.

நீயும் அம்மாவோடு சேர்ந்து ஒருசந்தி இருக்கிறேன் என்று வாய்ஸ் அனுப்பியிருந்தாய். பூசைக்குக் கூப்பிட்டால் மட்டையைத் தூக்கிக்கொண்டு கிரிக்கெட்டுக்கு ஓடியவன் நீ. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று சும்மாவா சொன்னார்கள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா,
மரியசுந்தரம்


வில்லியனூர்
14.7.2020

என் மகனே ஆன்டோ,

நாங்கள் சுகம் என்று இந்தத் தடவை எழுத முடியவில்லை.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். ரோஸிக்குப் போன மாதம் பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைச்சல், ஆனால் அழுகைக்குக் குறைவில்லை. பால் குடிக்கிறது. உன் மூக்கு.

அம்மா அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பயப்படாதே, நோய்த்தொற்று இல்லை. அந்த டெஸ்ட் எடுத்துவிட்டார்கள். இது வேறு.

ரோஸியையும் குழந்தையையும் வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு நாள் மத்தியானம், பீடிக்கு நெருப்பு எடுக்க அடுப்படிக்குள் போனேன். அம்மா சாப்பிடும் நேரத்தில் நான் உள்ளே போனதே கிடையாது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தட்டு வழிக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வெறும் தட்டு, ஆன்டோ. தட்டில் ஒரு பருக்கை கிடையாது. காய்ந்த தட்டை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள், வெளியே எங்களுக்குச் சத்தம் கேட்கவேண்டும் என்று. இத்தனை மாதம் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான், அவளும் சாப்பிடுகிறாள் என்று நான் வாசலில் நிம்மதியாகப் பீடி குடித்திருக்கிறேன்.

பிறகு ரோஸியை உட்காரவைத்துக் கேட்டேன். அப்பாவிடம் சொல்லாதே என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாளாம், அழுதுகொண்டே சொன்னாள். அந்த முதல் பானை அரிசி கோயிலுக்குச் சேர்த்தது இல்லையாம். ஒரு பிடிதான் கோயிலுக்கு. மீதியெல்லாம் அம்மா வாய்க்குப் போகவேண்டிய அரிசி. வடித்த கஞ்சித்தண்ணியில்தான் நாளை ஓட்டியிருக்கிறாள். பிரசவத்துக்குப் பிறகு ரோஸிக்கு ஒரு மாதமாவது வயிறாரப் போடவேண்டும் என்று சேர்த்திருக்கிறாள். கோயில் பானையில் இருந்தால் நான் கைவைக்கமாட்டேன் என்று நம்பினாளாம். அந்தப் பானையைத்தான் நான் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், பெருமையோடு கொடுத்துவிட்டு வந்தேன். ஏன்டி தடுக்கவில்லை என்று அம்மாவிடமே கேட்டேன். "ஆண்டவருக்குன்னு கெளம்பினத எந்த வாயால வேணாம்னு சொல்றது" என்றாள். அப்புறம் வெறும் பானையில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். ஈஸ்டர் முடிந்தும் ஒருசந்தியை விடாததற்கு அதுதான் காரணம். நேர்த்தியும் இல்லை, ஒன்றும் இல்லை.

வீட்டுச் செலவு அவள் பாடு என்று விட்டவன் நான். அரிசி இருக்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. குழம்பு நன்றாக இருந்த நாட்களில் இன்னும் கொஞ்சம் சோறு போடு என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேனே. இல்லை என்று ஒரு நாள்கூட அவள் சொல்லவில்லை. அதை நினைத்தால் இப்போது எனக்குச் சோறு தொண்டையில் இறங்குவதில்லை.

மறுநாளே பங்குச் சாமியாரிடம் போனேன். அரிசி வேண்டும் சாமி, வீட்டில் இல்லை என்று கேட்டேன். அவர் உடனே பையை எடுத்துக் கொடுத்தார். காசம்மாள் பருப்பும் எண்ணெயும் கொண்டுவந்தாள். ஏன் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை என்று என்னைத் திட்டவும் செய்தாள். திட்டட்டும். முன்பே கேட்டிருந்தால் முன்பே கிடைத்திருக்கும்.

அரிசி வந்தது. ஆனால் அம்மாவால் சாப்பிட முடியவில்லை, ஆன்டோ. தட்டில் போட்டுக் கையில் கொடுத்தால், எழுந்துபோய் அந்தப் பானையில் கொட்டிவிடுகிறாள். சமைத்த சோறு பானையில் கிடந்து புளித்தது. எடுத்துக் கொட்டப் போனால், ரோஸிக்கு வேணும் என்று பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஒருநாள் என்னைப் பார்த்து, "நான் ஒருத்தி இல்லாங்காட்டி உங்களுக்கு இன்னொரு வேளைக்கு வருமில்ல" என்று, ஏதோ மார்க்கெட் போய்வருகிறேன் என்கிற மாதிரி சொன்னாள். அன்றைக்கே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன்.

மனசுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா நல்ல மாதிரி. இது பேயும் இல்லை, பக்தியும் இல்லை, கவலையிலும் பசியிலும் மனசு அடிபட்டுப் போயிருக்கிறது, மாத்திரையும் சாப்பாடும் சேர்ந்து போனால் சரியாகும், ஆனால் நாளாகும் என்றார். தனியாக விடக்கூடாது என்றார். நான் கூடவே இருக்கிறேன். கஞ்சியைக் கரண்டியில் எடுத்து நான்தான் ஊட்டுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து அவள்தான் எனக்குப் போட்டாள், ஒரு நாளும் நான் அவளுக்குப் போட்டதில்லை.

இப்போது உன்னிடம் வருகிறேன்.

நீ போனை எடுத்துப் பல நாளாகிறது. ரோஸி அனுப்புவதற்கெல்லாம் நீலக்கோடு விழுகிறது, பதில் இல்லை. நேற்று ரோஸி உன் ஈஸ்டர் பிரியாணிப் படத்தைக் காட்டினாள். பிறகு பழைய படம் ஒன்றைக் காட்டினாள். போன கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பியது. அதே தட்டு, அதே எலுமிச்சம்பழத் துண்டு. இரண்டும் ஒரே படம் என்றாள்.

நீ எதற்காக ஒருசந்தி இருக்கிறாய், மகனே? இரண்டு ஒருசந்தியைப் பார்த்துப் பூரித்துப்போனவன் நான். ஒன்று என் அடுப்படியில், ஒன்று கடலுக்கு அந்தப் பக்கம். இனிமேல் அந்த வார்த்தையை என்னிடம் சொல்லாதே. பசிக்கிறது என்று சொல். காசு இல்லை என்று சொல். நீ பணம் அனுப்பவேண்டாம். சம்பளம் வரவேண்டாம். அங்கே கோயில் இருக்கும், நம் ஊர்ச் சங்கம் இருக்கும், பக்கத்து அறையில் எந்த மதத்துப் பிள்ளையாவது அடுப்பு மூட்டியிருப்பான். போய்க் கேள். கையேந்தக் கூடாது என்று உனக்குச் சொல்லிக்கொடுத்த அப்பன்தான் சொல்கிறேன், போய்க் கையேந்து. நான் ஏந்தினேன். ஒன்றும் குறைந்துவிடவில்லை. விமானம் விடுகிறார்களாம், தூதரகத்தில் பேர் கொடுத்து வந்துவிடு. இங்கே இருக்கும் கஞ்சியைப் பங்கு போட்டுக் குடிப்போம்.

அம்மா ஒவ்வொரு கரண்டிக்கும் வாயை மூடிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள். "ஆன்டோ துன்னுட்டானா?" துன்னுட்டான்டி, இப்பதான் பேசினான், வயிறு நெறயத் துன்னுட்டேன்னு சொன்னான் என்கிறேன். அப்போதுதான் வாயைத் திறக்கிறாள். அடுத்த கரண்டிக்கும் அதே கேள்வி, அதே பதில். இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கிற நேரத்தில் நான் அவளுக்கு ஊட்டிக்கொண்டிருப்பேன்.

மாதா உன் தட்டை நிரப்பட்டும். உன் அப்பனைப் பொய்யனாக்கிவிடாதே, ராசா. சாப்பிடு.

அப்பா