மணற்குன்றத்து நீலத் தலைப்பாகைகள் குறித்து வெண்டுறை அரசியாருக்கு எழுதிய ஓலை

நலம் பெருகுக. வெண்டுறை நாட்டு ஏரிகள் கரை நிறைந்து நிற்க, களத்து நெல் நனையாமல் வீடு சேர்க, தங்கள் கோட்டை வாயிற்காவலர் பகல் முழுதும் வேலையின்றிக் கொட்டாவி விடும் நற்பேறு என்றும் நீடிக்க.

வடகரை ஏழு துறைகளுக்கும் உரியவரும், பத்தாண்டு அமைதியைக் கட்டிக் காப்பவரும், கட்டைவிரல் உயர ஈயப்பாவைக்கு இமைமயிர் தீட்டும் கைத்திறத்தில் இரு நாட்டிலும் ஒப்பாரில்லாதவருமாகிய கோமகள் தரணிமுழுதாள் தேவியார் திருமுன்னர், தென்கரை மணற்குன்ற நாட்டுக் கோ வீரவிடங்கப் பெருவேளின் பேரமைச்சன், காரிகுளத்துச் சேந்தன், பன்முறை வணங்கி எழுதிக்கொண்ட ஓலை.

முதற்கண் மன்னர் பணித்தவாறே எட்டாம்நாள் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். கார்த்திகை முதல்நாள் தொடங்கிய இவ்வாண்டு வண்ண நோன்பில் இன்று முப்பத்திரண்டாம் நாள். எடுத்துக்கொண்ட இருநூற்று நாற்பது பாவைகளில் நூற்று எண்பத்தொன்றுக்கு வண்ணம் முடிந்தது. நாற்பது குதிரைகளில் இருபத்திரண்டுக்குக் கண் திறந்தாயிற்று. யானைகள் ஐந்தும் வெள்ளை அடிப்பூச்சோடு காத்திருக்கின்றன. விளாம்பிசின் போதிய அளவு உள்ளது. அணில்மயிர்த் தூரிகைகள் மட்டும் தேய்ந்துவிட்டன. மன்னர் நலமாகவும் மிக்க உவகையோடும் இருக்கிறார்.

மன்னர் சொல்லச் சொன்னது இத்துடன் முடிந்தது. அவர் முத்திரையிட்ட ஏட்டில் இதற்குக் கீழே இடம் மிகுதியாக இருந்தது. இனி வருவதை அவர் அறியார்.

இவ்வோலையைத் தேவியார்க்குப் படித்துக் காட்டும் ஓலைநாயகம் புதியவராக இருக்கக் கூடுமாதலால் சிலவற்றை விளங்கச் சொல்லுகிறேன். பத்தாண்டுக்கு முன் இரு கரையும் எரிந்து அடங்கிய பிறகு, இனி நம் பகையைப் போர்ப்பலகையின் மேல் மட்டுமே தீர்த்துக்கொள்வது என்று தாங்களும் எம் மன்னரும் ஆற்றின் நடுவே ஓடத்தில் நின்று உறுதி செய்துகொண்டீர்கள். ஆண்டுதோறும் நாற்பத்தெட்டு நாள் இருவரும் தத்தம் படையை ஈயப்பாவைகளில் தீட்டுவது, எட்டு நாளுக்கு ஒருமுறை ஓலையும் அதனோடு முடிந்த பாவை ஒன்றும் மற்றவர்க்கு அனுப்புவது, நாற்பத்தொன்பதாம் நாள் துறை மண்டபத்தில் பலகை விரித்துப் பொருதுவது, தோற்றவர் வென்றவர்க்கு மண்டபத்திலிருந்து ஓடம் வரை குடை பிடிப்பது என்பது ஏற்பாடு. அவ்வளவே தோல்வி. எம் மன்னர் மூன்று முறை பிடித்திருக்கிறார். மூன்று முறையும் வீடு திரும்பிய பின் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

அந்த உடன்படிக்கையை எழுதியது இந்தக் கைதான். இரண்டாம் ஆண்டில் எம் மன்னர் தம்மிடம் இல்லாத பொற்கொம்பு யானைகளைத் தீட்டி அனுப்பவும், தாங்கள் சிரித்து மறுமொழி விடுக்கவும், படையில் உள்ளபடியே பாவையும் இருக்க வேண்டும், மாறினால் அப்பாவை பலகை ஏறாது என்று ஒரு விதியைச் சேர்த்தவனும் அடியேனே. அதை எழுதிய அன்று என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன். இன்று அந்த வரியை எழுதிய விரல்களை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

தேவியார் அறிவீர்கள், எம் வில்லாளர் அணிவது சிவப்புத் தலைப்பாகை, தங்கள் வில்லாளர் அணிவது நீலம். எம் மன்னரோ இவ்வாண்டு வில்லாளர் அறுபதின்மரையும் நீலத் தலைப்பாகையோடு தீட்டிவிட்டார். அவர் படைவீட்டுப் பக்கம் சென்று நான்கு ஆண்டு ஆகிறது. பழைய போரில் அவர் எதிரே நின்றவை தங்கள் நீலத் தலைப்பாகைகள். அந்த நிறமே அவர் கண்ணில் தங்கியிருக்க வேண்டும். நான் அதைப் பார்க்காமல் இல்லை. வண்ணசாலைக்குப் போனபோது பாவைகள் நீலத் தலையோடு காய்ந்துகொண்டிருந்தன. மேலே பூசப்போகும் சிவப்பு ஆழமாகத் தெரிவதற்கு இட்ட அடிப்பூச்சு என்று எண்ணிக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இருபத்துநான்காம் நாள் ஓலையோடு ஒரு வில்லாளன் தங்களிடம் வந்தான். மணற்குன்றத்து வில்லாளர் எம் படையில் சேர்ந்துவிட்ட செய்தி எமக்கு இன்னும் எட்டவில்லையே, அவர்களுக்குச் சோறு யார் போடுவது என்று தாங்கள் மறுமொழி விடுத்தீர்கள். அவையில் அது படிக்கப்பட்டபோது இருமுவதுபோல் பலர் சிரித்தார்கள். விளையாட்டாக எழுதினீர்கள், தங்களைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லவில்லை என்று எழுதும்போதே சொல்லிவிட்டேன் போலும், பொறுத்தருள்க.

மன்னர் சிரிக்கவில்லை. அறுபது தலைகளைச் சுரண்டி, மீண்டும் வெள்ளையடித்து, மீண்டும் தீட்டுவதென்றால் பன்னிரண்டு நாள் ஆகும் என்றும், யானைகள் நின்றுபோகும் என்றும், தொள்ளாயிரம் தலைப்பாகைக்குச் சாயம் ஏற்றுவதோ இரண்டே நாள் வேலை என்றும், படை பாவையைப் போல் ஆகிவிட்டால் பாவை படையைப் போல் இருப்பதில் யாருக்கும் ஐயம் வாராது என்றும் மொழிந்தார். நான் மறுத்துரைத்தேன். அது பகைவர் நிறம் என்றேன். பத்தாண்டாகப் பகை ஏது, அந்த உடன்படிக்கையை எழுதிய நீரே அதை நம்பவில்லையா என்று திருப்பிக் கேட்டார். 

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நான் வேலை என்றால் பறக்கிறவன். இந்த அரண்மனையில் எனக்குள்ள பெயரே அதுதான். சிவப்பின் மேல் நீலம் ஏறாது என்று சாயக்காரர் சொன்னவுடன், தேர்த்திருவிழாவுக்கு வைத்திருந்த வெள்ளைத் துணியைக் கிழிக்கச் சொன்னேன். அடைமழையில் துணி காயாது என்றார்கள். யானைக் கொட்டிலில் கரிநெருப்பு மூட்டி உலர்த்தச் செய்தேன். இருபத்தேழாம் நாள் உச்சிப்பொழுதுக்குள் தொள்ளாயிரமும் தலையேறின. நான்காம் துறைக்குக் காவல் மாறப் புறப்பட்ட நாற்பதின்மருக்குத் தலைவன் என் மகன் கொற்றன். புதுத்துணி முறுக்கேறி நிற்கவில்லை என்று அலுத்துக்கொண்டான். அவனைக் குனியச் சொல்லி என் கையாலேயே கட்டிவிட்டேன்.

நிறம் மாறிய செய்தியோடு தென்கரையில் எங்களுக்குள்ள ஏழு துறைகளுக்கும் குதிரையாள் விட்டிருந்தேன். அறுவர் போய்ச் சேர்ந்தார்கள். நான்காம் துறைக்குப் போனவன் காட்டாற்று வெள்ளத்தைக் கடக்க முடியாமல் இக்கரையிலேயே தங்கிவிட்டான். கொற்றனும் அவன் ஆட்களும் அதே வெள்ளத்துக்கு ஒதுங்கி, வழக்கமான பாதையை விட்டு, ஆற்றோரமாகச் சுற்றி நடந்து மறுநாள் காலை மூடுபனியில் துறையை அடைந்தார்கள். துறைக்காவல் தலைவன் அத்தி என்பவன் என் முன் நின்று உரைத்ததை அப்படியே தருகிறேன். தண்ணீர்ப் பக்கமிருந்து நீலத் தலைகள் வரிசையாக வரக் கண்டதாகவும், கொம்பு ஊதாமல் துறையேறும் நீலத்தை நிறுத்த வேண்டுமென்பதே பத்தாண்டாகத் தனக்கு உள்ள ஆணை என்றும், எறிவேல் விடச் சொன்னதாகவும், விழுந்தவர்களில் ஒருவன் நம்மூர் வசவைச் சொல்லி அலறிய பிறகே உண்மை தெரிந்ததாகவும் உரைத்தான். உரைத்துவிட்டு, தன்னைக் கழுவேற்றும்படி கேட்டான். அவன்மேல் என்ன பிழை இருக்கிறது?

பதினொருவர் மாண்டார்கள். கொற்றன் முன்னால் நடந்தவன், முதலில் விழுந்தவன்.

உடல்களைத் துறையிலேயே எரித்துவிட்டு, வெள்ளம் கொண்டுபோனதாக நாடெங்கும் பறையறையும்படி மன்னர் ஆணையிட்டார். அந்த அறிவிப்பின் வாசகத்தை எழுதியவனும் நான்தான். என் மனைவி நங்கை அதைக் கேட்டவள், அதை நம்பியவள். வெள்ளம் கொண்டுபோனது எங்காவது கரை ஒதுங்கும் என்று ஒவ்வொரு நாளும் ஆற்றோரம் நடந்து, வலைஞர் ஒவ்வொருவரையும் நிறுத்தி விசாரிக்கிறாள். மாலையில் வீடு திரும்பி, நாளை இன்னும் சற்றுக் கீழே போய்ப் பார்க்கலாம் என்கிறாள். நானும் சரி என்கிறேன். தேவியாரே, என்னால் முடியவில்லை.

இனிமேலாவது பழைய தலைப்பாகைகளைத் திருப்பிக் கொடுப்போம் என்று மன்னரிடம் சென்றேன். அப்போது அவர் ஒரு குதிரைக்குக் கண் திறந்துகொண்டிருந்தார், தூரிகையை வைக்கவில்லை. மிகவும் வருந்துவதாகச் சொன்னார். வருந்தவும் செய்தார், அதை மறுக்க மாட்டேன், கண் கலங்கியிருந்தது. பிறகு, படையில் பதினொருவர் குறைந்ததால் விதிப்படி பாவையிலும் பதினொன்றை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி, வில்லாளர் வரிசையிலிருந்து தாமே எண்ணி எடுத்து ஒரு தட்டில் வைத்தார். பலகை முடியும் வரை நீலமே இருக்கட்டும் என்றார். நோன்பின் விதியைத் தளர்த்தும்படி தங்களிடம் கேட்கலாமா என்றேன். வெண்டுறையிடம் பிச்சை கேட்பதைவிடக் குடை பிடிப்பது மேல் என்றும், குடை பிடிப்பதைவிடச் சாவது மேல் என்றும் சொன்னார். தாங்களாகவே தளர்த்தினாலும் அதைப் பிச்சை என்றே கொள்வார். அவரை முப்பது ஆண்டாக அறிவேன்.

பழைய சிவப்புத் தலைப்பாகைகள் பண்டசாலையில் பூட்டிக் கிடக்கின்றன. திறவுகோல் என் இடுப்பில் இருக்கிறது. நீலமின்றித் தலைகாட்டும் வில்லாளனுக்கு இருபது கசையடி என்று ஆணை.

இன்றைக்கு ஆறாம் நாள் முந்நூறு வில்லாளர் ஏழு துறைகளுக்கும் காவல் மாறப் போகிறார்கள். மூடுபனி இன்னும் விலகவில்லை. இனி நீலத்தைக் கண்டால் எறிவதா விடுவதா என்று கேட்டு ஏழு துறைகளிலிருந்தும் ஓலை வந்திருக்கிறது. எறி என்றால் எம்மவர் சாவார்கள். விடு என்றால், தங்கள் பக்கத்து முரடன் எவனாவது ஒருநாள் துறையேறுவான். பிறகு பத்தாண்டு அமைதி எங்கே? மாண்டவர்களின் உடன்பிறந்தார் வில்லாளர் படையிலேயே இருக்கிறார்கள், தப்பி வந்தவர்கள் சொல்லி உண்மையை அறிந்தவர்கள். வேலெறிந்தவர்களை முகம் பார்க்க மாட்டோம் என்கிறார்கள். ஏழு ஓலையும் என் முன்னே கிடக்கின்றன. ஒன்றுக்கும் என்னிடம் விடை இல்லை. இத்தனை ஆண்டில் விடை எழுதாமல் நான் ஓர் ஓலையையும் வைத்ததில்லை.

ஆகவே ஒன்று செய்தேன்.

நோன்பின் பாவைகளை அரசரின் கையைத் தவிரப் பிறர் கை தீண்டலாகாது என்பதும், ஒரே ஒரு பாவையில் வேற்றுத்தூரிகை பட்டாலும் அந்த ஆண்டு அணிவகுப்பு முழுதும் தள்ளுபடி என்பதும், குற்றத்தைக் கண்ட எதிர்த்தரப்பே தீர்ப்புச் சொல்லலாம் என்பதும் உடன்படிக்கையில் உள்ளவை. மன்னர் நீராடச் சென்றபோது வண்ணசாலைக்குள் நுழைந்தேன். நான் இதுவரை தூரிகை பிடித்தவனல்லன். தட்டிலிருந்த பதினொன்றில் ஒன்றை எடுத்தால் அது அணியில் இல்லை என்று வழக்காடுவார் என்பதால், வரிசையில் நிற்பவர்களில் முதல்வனை எடுத்தேன். நகத்தால் நீலத்தைச் சுரண்டினேன். சாதிலிங்கத்தைக் குழைத்துத் தலைப்பாகைக்குச் சிவப்பு இட்டேன். பழகாத கை என்பதால் காதின் மேலும் தோளின் மேலும் வழிந்துவிட்டது. துடைக்கப் போய் முகமும் கெட்டது. இவ்வோலையோடு வரும் பாவை அதுவே. மன்னர் அனுப்பச் சொன்னது ஓர் அழகான குதிரைவீரன். அவன் என் பெட்டியில் இருக்கிறான்.

பாவையைத் தங்கள் அவையில் எல்லாரும் காண வையுங்கள். இது வீரவிடங்கரின் கைவேலை அன்று என்பதைக் குருடரும் சொல்லுவர். மணற்குன்றத்தார் நோன்பில் தவறினார், போட்டியிலிருந்து நீக்கப்பட்டார் என்று தீர்ப்பு எழுதி, விரைவாகச் செல்லும் ஆளிடம் கொடுத்து அனுப்புங்கள். சற்றே ஏளனமும் சேர்த்து எழுதுங்கள். அப்போதுதான் மன்னர் சினத்தில் பாவைகளை எல்லாம் பெட்டியில் வாரிப் போடுவார். பாவைகள் பெட்டிக்குள் போன அன்றே படைக்கு நீலம் வேண்டியதில்லை. நான் பண்டசாலையைத் திறப்பேன். என் பெயரை மறைக்க வேண்டாம். யார் கை என்று அவர் கேட்பார். என் கை என்பேன். என் தலைக்கு என்ன நேரும் என்பது எனக்குத் தெரியும், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அதற்கு முன் நங்கையிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். வாளுக்கு அஞ்சவில்லை, அதற்குத்தான் அஞ்சுகிறேன்.

மேலே உள்ள முத்திரை மன்னருடையது. அது எட்டாம்நாள் செய்திக்கு மட்டுமே உரியது. இதன் கீழே என் கணையாழியை மட்டும் பதிக்கிறேன். ஒரு நாட்டு அமைச்சன் மறு நாட்டு அரசிக்கு ஆணையிடும் வழக்கம் எவ்விடத்தும் இல்லை. இருந்தும் தேவியாரே, கைகூப்பி நின்று ஆணையிடுகிறேன்: ஆறாம் நாள் பொழுது விடியுமுன் எங்கள் தோல்வியை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு, மார்கழி இரண்டாம் நாள்,
சேந்தன்.