திரும்பி வந்த புத்தகங்களின் வண்டி

அன்புள்ள என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீங்கள் மூன்று பேரும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். இதைப் போனிலேயே சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் பேசினால் நீ ‘சொல்லும்மா, சொல்லும்மா’ என்றபடியே அடுப்பைப் பார்ப்பாய், கம்ப்யூட்டரைப் பார்ப்பாய், நான் சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுபோகும். இது முழுதாகச் சொல்ல வேண்டிய விஷயம், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனிதர், இப்போது நான் கொஞ்சம் வேகமாக நடந்தால்கூடப் பின்னாலிருந்து பிரேக் போடச் சொல்கிறார். எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்றை அடைத்திருக்கிறார்கள், அந்தக் கதையும் இதில் வரும்.

நம் நூலகத்தின் வாசிப்புக் கூடத்தை மூடப்போகிறார்கள், மூடினால் வேலையை விட்டுவிட்டு அப்பாவையும் கூட்டிக்கொண்டு உன்னோடு வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா. நீயும் எங்களுக்கென்று மாடி அறைக்குப் பெயின்ட் அடித்து, கட்டில் வாங்கிப் போட்டு, ஜன்னலுக்குத் திரை தைத்துப் படம் அனுப்பினாய். அந்தப் படத்தைப் பார்த்து எனக்குச் சந்தோஷமும் வந்தது, இந்த ஊரை விட்டு வர வேண்டுமே என்ற கவலையும் வந்தது. இரண்டையும் உன்னிடம் மறைக்க வேண்டியதில்லை.

போன வருடம் நகராட்சியிலிருந்து புத்தகத்தைத் திருப்பி வாங்கும் மெஷின் ஒன்றை எங்கள் வாசல் சுவரில் பதித்தார்கள். புத்தகத்தை அதன் வாயில் வைத்தால் போதும், அதுவே கணக்கு வைத்துக்கொண்டு உள்ளே பெட்டியில் போட்டுவிடும். அதற்கு முன்னால், திரும்பி வரும் புத்தகங்களை எல்லாம் என் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டியில் குவித்து வைப்போம், கை ஒழிந்தபோது அலமாரியில் அடுக்குவோம். பார்க்க மீன் கடை மாதிரி இருக்கும். மெஷின் வந்தபிறகு என் உதவியாளருக்குக் கொண்டாட்டம். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம், எதையும் நாளைக்கு என்று விடமாட்டார். பெட்டியில் புத்தகம் விழும் சத்தம் கேட்டதுமே எழுந்து போய் எடுத்து அதனதன் இடத்தில் செருகிவிடுவார். வண்டியைப் பின்னறைக்குத் தள்ளி அதன்மேல் துடைப்பங்களை வைத்தோம். நூலகம் கல்யாண வீடு மாதிரி பளிச்சென்று ஆகிவிட்டதென்று இரண்டு பேரும் பூரித்துப்போனோம்.

அந்தப் பூரிப்பு அடங்குவதற்குள் புத்தகம் எடுப்பவர்கள் குறைய ஆரம்பித்தார்கள். சில மாதத்தில் பாதியாகிவிட்டது. நூலகங்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரியம்மா வந்தார், உன் வயதுதான் இருக்கும், கையிலிருந்த திரையில் சரிந்து விழும் ஒரு கோட்டைக் காட்டி, “மேடம், உங்க மேல தப்பு இல்ல, ஜனங்க எல்லாம் போனுக்குப் போயிட்டாங்க, நாம என்ன பண்ண முடியும்” என்று ஆறுதலாகத்தான் சொன்னார். கூடத்தை வேறு அலுவலகத்துக்குக் கொடுத்துவிட்டு, போனில் கேட்கும் புத்தகத்தை எடுத்துக் கொடுக்க ஒரே ஒரு ஜன்னலை மட்டும் வைத்துக்கொள்வதாகத் திட்டம், வருடக் கடைசியில் முடிவு என்றார். ஜன்னலில் நின்று வாங்கிப் போகிறவருக்கு உட்கார நாற்காலி எங்கே இருக்கும்?

இந்தக் கவலையில் பல் வலி வேறு சேர்ந்துகொண்டது. பல் டாக்டர் எங்கள் பழைய உறுப்பினர், நம் வாயில் பஞ்சையும் குழாயையும் திணித்துவிட்டு அப்புறம் கேள்வி கேட்பது அவர் வழக்கம். “ஏன் மேடம், அந்த வண்டிய எங்க ஒளிச்சு வச்சிட்டீங்க? நான் எப்பவும் அதுலதான் எடுப்பேன். அலமாரி முன்னாடி நின்னா எதை எடுக்கறதுன்னே புரியல. வண்டியில இருந்தா, நம்ம ஊர்க்காரங்க யாரோ ஒருத்தர் படிச்சு முடிச்சிருக்காங்கன்னு ஒரு தைரியம். இப்பல்லாம் ஒரு சுத்து சுத்திட்டு வெறுங்கையோட போறேன்” என்றார். நான் ‘ஆ’ என்பதைத் தவிர என்ன சொல்ல முடியும். மரத்துப்போன வாயோடு நேரே நூலகத்துக்குப் போய், பேச வராமல் பின்னறையைக் கையால் காட்டினேன். அவசரம் எனக்கு என்னவோ ஆகிவிட்டதென்று பயந்து நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். வாய் சரியானதும் பழைய உறுப்பினர்கள் சிலருக்குப் போன் போட்டுக் கேட்டேன். எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் அதையே சொன்னார்கள். உன் போன் இருக்கிறதே, அது நீ முன்பு படித்த மாதிரியே இன்னொன்றைத்தான் நீட்டும். பக்கத்துத் தெருக்காரர் என்ன படித்தார் என்று அந்த வண்டிதான் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது, எங்களுக்குத்தான் அது குப்பையாகத் தெரிந்திருக்கிறது.

வண்டியைத் துடைத்து வாசலுக்கு நேரே நிறுத்தினோம். மெஷினில் விழுவதெல்லாம் முதலில் வண்டிக்கு, சில நாள் கழித்துத்தான் அலமாரிக்கு என்று சட்டம் போட்டேன். அவசரத்துக்குக் கை துறுதுறுவென்று அரிக்கும், பாவம், அந்த அரிப்புக்கு அவரே ஒரு மருந்து கண்டுபிடித்தார். தினமும் சாயங்காலம் வண்டியைப் படம் எடுத்து உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். அவ்வளவுதான், கூத்து ஆரம்பமாகிவிட்டது. “நடுத்தட்டுல பச்சை அட்டை, எனக்கு வைங்க” என்று ஒருவர் எழுதுவார், “அது ரொம்ப இழுக்கும், பக்கத்துல இருக்கறத எடுங்க” என்று இன்னொருவர் பதில் போடுவார். எழுதினாலெல்லாம் எடுத்து வைக்கமாட்டோம், முதலில் வருகிறவருக்குத்தான் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், அதனாலேயே கதவு திறக்கும் முன் ஆள் நிற்கிறது. ஒரு துப்பறியும் நாவலுக்கு ஒரு நர்ஸும் ஒரு வக்கீலும் மல்லுக்கு நின்று, கடைசியில் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் கூடத்திலேயே காலையில் அவர், மாலையில் இவர் என்று படித்து முடித்தார்கள். கொலைகாரன் யாரென்று நர்ஸ் முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டாராம், வக்கீலுக்கு இன்னும் முகம் தெளியவில்லை.

அதிகாரியம்மா போன வாரம் வந்தார், சரிந்த கோடு மறுபடி ஏறியிருப்பதைத் திரையில் காட்டினார். கூடம் கூடமாகவே இருக்கும், மற்ற கிளைகளிலும் வாசலில் வண்டி வைக்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். இது எத்தனை காலத்துக்கு என்று நான் கேட்கவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. கண்ணு, எங்களால் இப்போது அங்கே வந்து இருக்க முடியாது. உன்னைப் பார்க்காமல் இருப்பது எனக்குப் பழகிப்போய்விட்டதென்று நினைத்துவிடாதே, அது பழகவே இல்லை. ஆனால் இங்கே காலையில் எனக்காகக் கதவருகே ஆட்கள் காத்திருக்கிறார்கள், அங்கே நான் சாயங்காலம் வரை உங்களுக்காக ஜன்னலருகே காத்திருப்பேன். நீ கெட்டிக்காரி, புரிந்துகொள்வாய். கோடை விடுமுறைக்கு ஒரு மாதம் இருவரும் வருகிறோம். அந்த அறையை எங்களுக்கென்று பூட்டி வைக்காதே, குழந்தைக்குக் கொடுத்துவிடு, வரும்போது நாங்கள் அவளோடு படுத்துக்கொள்கிறோம்.

மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் எங்கள் ஆசீர்வாதம். நீங்கள் நீண்ட ஆயுளோடு, மனசில் குறையில்லாமல் இருக்க வேண்டும். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, உனக்குத் தலைவலி வருவதே அதனால்தான். இதைப் படித்தால் அவளுக்குக் கோபம் வருமே என்கிறார் அப்பா. வரட்டும், கோபம் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் பேசுவாள் என்று சொல்லியிருக்கிறேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா