வெட்டுக்காதிக்கு இரண்டாவது ஊசி

செப்டம்பர் 1, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கூடுவாஞ்சேரியில் ரயில் தாமதம். செங்கல்பட்டில் இறங்கி, ஐஸ் பெட்டியோடு உதவியாளர் பால்ராஜ் அண்ணன் ஜீப்பில். மாமல்லபுரத்துக்கு முன்னால், சவுக்குத் தோப்பை ஒட்டிய ஊர். ஐந்து பெண் குரங்குகள். கருத்தடைத் தடுப்பூசி, முதல் தவணை போன மாதமே போட்டாயிற்று. இன்று இரண்டாவது. நான்குக்குப் போட்டோம். ஐந்தாவது, காது கிழிந்த வெட்டுக்காதி, கூண்டுப் பக்கமே வரவில்லை.

ஊர்த் தலைவர் வந்தார். "ஞாயித்துக்கெழம வண்டி வருது டாக்டரம்மா. அல்லாத்தையும் புட்ச்சி தூரமா காட்டுல வுட்டுடப் போறோம். ஊசியெல்லாம் எப்ப வேல செய்யறது?"

கொண்டுபோய் விட்டால் குட்டிகள் சாகும், இங்கே வேறு கூட்டம் வந்து உட்காரும். சொன்னேன். தலையாட்டினார். அவ்வளவுதான்.

வாங்க: கையுறை, வாழைப்பழம், அம்மாவுக்குத் தைலம்.

செப். 2, செவ்வாய்

வெட்டுக்காதி இல்லை. அக்டோபரில் இனச்சேர்க்கைக் காலம். அதற்குள் போடாவிட்டால் முதல் ஊசி வீண்.

மதியம் ஊர் ஓரம் தேவகியக்கா என்பவரின் நிலத்தில் தண்ணீர் கேட்டோம். அரை ஏக்கர் வேர்க்கடலை, ஊர்ப்பேச்சில் கல்ல. பாதிச் செடியைக் குரங்குகள் பிடுங்கிப் போட்டிருந்தன. சொம்பைக் கொடுத்துவிட்டுத் திட்ட ஆரம்பித்தார்.

"ஊசி போட்டா என் கல்லய துன்னாதா?"

தின்னும், ஆனால் கூட்டம் பெருகாது என்றேன்.

"இன்னா மருந்து அது?"

தடுப்பூசி போட்டால் உடம்பு கிருமியைத் தெரிந்துகொண்டு எதிர்க்கிறதே, அதுபோல. இந்த ஊசி கருமுட்டையின் மேலுறையை உடம்புக்குக் காட்டிக் கொடுக்கிறது. உடம்பே அதைச் சுற்றிக் காவல் போடும். விந்து ஒட்டாது.

"அறுக்க வேணாமா?"

"வேணாங்க்கா. ஊசிய நிறுத்திட்டா கொஞ்ச வருஷத்துல திரும்பக் குட்டி போடலாம்."

களையைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார். பிறகு, "ரெண்டாவது பொறந்ததும் மாமியா சொன்னாங்கன்னு அறுத்துக்கினேன். அடுத்த வருசம் பெரியவன் ஜொரத்துல பூட்டான்."

பால்ராஜ் அண்ணன் எழுந்து தள்ளிப் போனார்.

கிளம்பும்போது அக்காவே சொன்னார்: "அந்தக் காது கிய்ஞ்சது வெயில் சாய பம்புசெட்டாண்ட வரும். நாளிக்கு வாங்க."

செப். 3, புதன்

நாலரை மணி. தேவகியக்கா தொட்டி ஓரம் உட்கார்ந்து துணி துவைத்தார். அவர் இருந்தால் வெட்டுக்காதிக்குப் பயமில்லை. நாங்கள் மோட்டார் அறைக்குள். கொசு. வந்தது, வாய் வைத்துக் குடித்தது. பால்ராஜ் அண்ணன் ஊசி வைத்த ஊதுகுழலை ஊதினார். தொடையில் சரியாக. ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு எங்களையே முறைத்தது.

"இன்னாடி மொறைக்கிற? நல்லதுக்குத்தான்," என்றார் அக்கா.

ஊசியை எடுத்துப் பார்த்தேன். மருந்து முழுதும் இறங்கியிருந்தது.

செப். 6, சனி

ஊர்க் கூட்டம். நான் பேசியது யாருக்கும் ஏறவில்லை. பின்வரிசையில் தேவகியக்கா எழுந்தார்.

"என் கல்லதான் ரொம்பப் பூட்ச்சி. நானே சொல்றேன், ஒரு ஈத்து பாக்கலாம். பங்குனில எத்தினி குட்டி பொறக்குதுன்னு நான் எண்றேன்."

முணுமுணுப்பு. "நீ எண்ணுவியா?" என்று ஒருவர் சிரித்தார். "எனக்கு ஒண்ணொண்ணும் மூஞ்சி தெரியும்யா."

வண்டி வேண்டாம் என்று தலைவர் போன் செய்தார். பங்குனி வரை.

மதியச் சாப்பாடு மறந்தே போச்சு.

செப். 22, திங்கள்

மழை. போன வாரம் மயக்க ஊசி போட்டு எடுத்த ரத்தம், முடிவு வந்தது. நான்கில் எதிர்ப்புப் பொருள் நன்றாக ஏறியிருக்கிறது, வெட்டுக்காதியிலும். ஒன்றில் சுமார், இன்னொரு ஊசி வேண்டும். உடம்பு பாடம் படித்திருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். மீதி பங்குனியில். ஆனாலும் இரண்டு டீ குடித்தேன்.

தேவகியக்காவுக்குப் போன். சொல்லி முடிக்கவில்லை.

"அத்த வுடுங்க டாக்டரம்மா. பக்கத்து ஊரு ஆளுங்க நாலு பேரு வூட்டாண்ட வந்து குந்திகினு கீறாங்க. அவங்க கொரங்குக்கும் போடுவீங்களான்னு கேக்குறாங்க. இன்னா சொல்ல?"

வியாழக்கிழமை வருகிறேன் என்றேன்.